சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் உரிமை அமைப்புகளில் பயிலுனர் வேலையும்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, ரூட்டிங் என்று எங்கள் ஆட்கள் வாழும் எல்லாப் பக்கமும் இன்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டொக்டர், என்ஜினியர், எக்கவுண்டன் என்ற வரிசையில் சட்டத்தரணியும் சேர்ந்துவிட்டது சந்தோஷமே. ஆனால் கோடை விடுமுறை நெருங்கியதும் சில வீடுகளில் வாக்குவாதம் தொடங்குகிறது. “நான் ஒரு குடிசார் உரிமை அமைப்பில் இன்ரேர்ன்ஷிப் செய்யப் போகிறேன்” என்கிறது பிள்ளை. “சம்பளம் எவ்வளவு?” என்பது தகப்பனின் கேள்வி. “அது ஹோம் ஒபிசுக்கு எதிரான இடமாமே, எங்கள் விசாவுக்கு ஏதும் வராதோ?” என்பது தாயின் கேள்வி.

இரண்டும் நியாயமான கேள்விகள். மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்தும் நாங்கள் இவற்றைக் கேட்கத்தான் செய்வோம். கேட்ட பின் பதிலையும் விசாரித்து அறிவது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

எங்களுக்காக நடந்த வழக்குகள்

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டு வந்த ஒரு தொகுதி தமிழரைத் திருப்பி அனுப்ப முற்பட்டார்கள். அவர்கள் விமானத்தடியில் உடுப்புகளைக் களைந்து, உள்ளாடையோடு நின்று ஏற மறுத்தார்கள். இந்தக் கதை எங்களில் பலருக்குத் தெரியும். சட்டத்தரணிகள் ஓடிப்போய் நீதிமன்றத்தில் எடுத்த தடை உத்தரவும் அவர்களைக் காப்பாற்றியது என்பது சிலருக்கே தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில், ஆறு தமிழர் சம்பந்தப்பட்ட சிவகுமாரன் வழக்கில் பிரபுக்கள் சபை எங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1988 பெப்ரவரியில் ஐந்து பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று சட்டத்தரணிகள் பைலை மூடவில்லை. அவர்கள் இலங்கையில் இருக்கும்போதே இங்கே மேன்முறையீடு நடந்தது. 1989இல் அவர்களின் பயம் நியாயமானது என்று தீர்ப்பு வந்து, அந்த ஆண்டே அவர்கள் திரும்பி வந்தார்கள். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரித்தானியா உரிமையை மீறவில்லை என்று சொன்னது. அது எங்களுக்குத் தோல்விதான். ஆனாலும் அந்த மனிதர்கள் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வழக்கென்றால் பாரிஸ்டர் எழுந்து பேசுவதைத்தான் நாங்கள் காண்கிறோம். அதற்கு முன் பல மாத வேலை இருக்கிறது. வாக்குமூலம் எழுத வேண்டும், கடிதங்களைத் திகதி ஒழுங்கில் அடுக்க வேண்டும், பழைய தீர்ப்புகளைத் தேட வேண்டும், பக்க இலக்கம் போட்டுக் கட்டுக் கட்ட வேண்டும். சட்ட மாணவர்கள் கைகொடுப்பதும் தொழில் பழகுவதும் இந்த வேலைகளில்தான்.

கமரா என்ற தலையாட்டி

ஊரில் சுற்றிவளைப்பு நடந்த நாட்கள் எங்களுக்கு மறக்காது. முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையாக நடக்க வேண்டும். அவன் தலை அசைந்தால் அந்த ஆளின் கதை முடிந்தது. ஏன் அசைத்தாய் என்று கேட்க ஒரு இடமும் இருக்கவில்லை.

லண்டன் பொலிசார் 2020 முதல் முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கமராவைத் தெருக்களில் பாவிக்கிறார்கள். குரொய்டன் போன்ற இடங்களில் வான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கடைக்குப் போகும் எல்லோருடைய முகத்தையும் அது அளந்து, தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஊருக்கும் இங்கைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே “ஏன்?” என்று கேட்கலாம். எட் பிரிட்ஜஸ் என்பவர் லிபேற்றி அமைப்பின் உதவியோடு கேட்டார். தென்வேல்ஸ் பொலிசார் இந்தக் கமராவைப் பாவித்த விதம் சட்டவிரோதம் என்று 2020 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரைப் பட்டியலில் போடுவது, எங்கே கமரா வைப்பது என்பதைப் பொலிசாரின் விருப்பத்துக்கு விட்டது ஒரு பிழை. இன்னொன்று, இனப் பாகுபாடு இருக்கிறதா என்று சரியாகச் சோதிக்காதது. கமரா ஒழிந்துவிடவில்லை. கேட்க ஆளிருந்தால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது உறுதியாயிற்று.

இப்படிப்பட்டவற்றை ‘டிஜிட்டல் உரிமைகள்’ என்கிறார்கள். பெயர் புதிது, விடயம் எங்கள் வீட்டு விடயம். விசா விண்ணப்பங்களைக் கொம்பியூட்டர் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது. எந்த நாட்டவர் என்பதும் அதில் பார்க்கப்பட்டது. குடிவரவாளர் நலனுக்கான ஜே.சி.டபிள்யூ.ஐ. அமைப்பும் பொக்ஸ்குளோவ் அமைப்பும் வழக்கு வைத்ததும், 2020 ஓகஸ்டில் ஹோம் ஒபிஸ் அதைக் கைவிட்டது. சிறு படகுகளில் வந்தவர்களின் தொலைபேசிகளை ஒட்டுமொத்தமாகப் பறித்து, இரகசிய இலக்கத்தையும் மிரட்டிக் கேட்டது சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது.

இப்போது பயோமெற்றிக் அட்டைகளின் காலமும் முடிந்து, எங்கள் விசா கொம்பியூட்டரில்தான் இருக்கிறது. வேலைக்கு ‘ஷெயார் கோட்’ கொடுக்க வேண்டும். எங்களோடு வேலை செய்யும் ஒரு சகோதரர் பாஸ்போட் புதுப்பித்திருந்தார். கணக்கில் பழைய இலக்கமே இருந்தது. வேலைத்தலத்தில் அவரை ஒரு கிழமை சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தொழிலாளியின் மகள், சட்டம் படிப்பவள், தன் பல்கலைக்கழகத்து இலவச சட்ட ஆலோசனை நிலையத்தில் அவருக்கு நேரம் எடுத்துக் கொடுத்தாள். அங்கே சொலிசிட்டரின் மேற்பார்வையில் எழுதிய கடிதத்தோடு போய், திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார்.

எங்கே செய்யலாம்?

லிபேற்றி 1934இல் தொடங்கிய அமைப்பு. ஜஸ்ரிஸ் 1957இலும், ஜே.சி.டபிள்யூ.ஐ. 1967இலும், பிரைவசி இன்ரநஷனல் 1990இலும், ஓப்பன் றைற்ஸ் குறூப் 2005இலும் தொடங்கின. எல்லாம் இந்த நாட்டிலேயே உள்ளவை. இவற்றில் இடம் கிடைப்பது சுலபமல்ல. அதனால் அக்கம்பக்கத்து சட்ட நிலையங்களையும் (முதலாவது 1970இல் வடக்கு கென்சிங்டனில் திறக்கப்பட்டது) பல்கலைக்கழக சட்ட ஆலோசனை நிலையங்களையும் பிள்ளைகள் முதலில் விசாரிக்கட்டும்.

சொலிசிட்டராகும் முறை 2021 செப்டெம்பரில் மாறியது. புதிய முறையில் இரண்டு வருட வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். சட்ட நிலையத்தில் செய்த தொண்டு வேலையும் ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்தினால் கணக்கில் சேரும். ஆகவே இது வீணாய்ப் போகும் காலமல்ல.

சம்பளமும் விசாவும்

‘இன்ரேர்ன்’ என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை என்று சட்டம் சொல்லவில்லை. தொழிலாளியைப் போல வேலை வாங்கினால் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்க வேண்டும். படிப்பின் ஒரு பகுதியான ஒரு வருடத்துக்கு உட்பட்ட பயிற்சியும், செலவுக் காசு மட்டும் வாங்கும் அறநிலையத் தொண்டும், வெறுமனே பார்த்துப் பழகுவதும் விதிவிலக்கு. பிள்ளை வெட்கப்படாமல் முதலே கேட்க வேண்டும்: எத்தனை நாள், பஸ் காசு தருவார்களா, சம்பளம் உண்டா? இல்லையென்றால் கிழமைக்கு ஒரு நாள் அங்கே, மற்ற நாட்களில் கடை வேலை என்று ஒழுங்குபடுத்தலாம். படிப்பு முடிந்தபின், 2014இல் தொடங்கிய ‘ஜஸ்ரிஸ் பேர்ஸ்ற் பெலோஷிப்’ போல சம்பளத்தோடு பயிற்சி தரும் திட்டங்களும் உண்டு.

இந்த நாட்டில் அரசாங்கத்தின் மேல் சட்டப்படி வழக்கு வைப்பது குற்றமல்ல. அப்படியான அமைப்பில் வேலை செய்ததற்காக ஒருவரின் விசாவைப் பறிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பிள்ளையின் சொந்த விசா நிபந்தனையைப் பார்க்க வேண்டும். தஞ்சக் கேஸ் முடியாதவர் வேலை அனுமதி இல்லாமல் அறநிலையத்தில் தொண்டு செய்யலாம். சம்பளமில்லாத உத்தியோகம் என்பது வேறு, அது கூடாது. இன்னொன்றும் முக்கியம். சட்டம் படிக்கும் பிள்ளையிடம் உங்கள் குடிவரவுக் கேசைக் கொடுத்து எழுதிக் கேட்காதீர்கள். தகுதி பெறாதவர் தொழிலாகக் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெரிய கொம்பனியில் பிள்ளை உயர்ந்தால் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் மொழியும் பயமும் தெரிந்த ஒருவர் சட்டத்தரணியின் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால், ஊரில் கேட்க முடியாத கேள்வியை இங்கே எங்களுக்காகக் கேட்பார். அந்த ஒருவர் யாரோ வீட்டுப் பிள்ளையாய்த்தான் இருக்க வேண்டும். கோடையில் உங்கள் பிள்ளை வந்து கேட்டால், சம்பளத்தையும் விசாவையும் விசாரியுங்கள். விசாரித்தபின், போக விடுங்கள்.