சிரித்தால் தளரும் முழங்கால்

பாரிஸ் நகரத்து வைத்தியரான ழான் பாப்டிஸ்ட் எடுவார் ஜெலினோ 1880-ஆம் ஆண்டில் பிரசுரித்த கட்டுரையொன்றில், மதுப் பீப்பாய் வியாபாரி ஒருவருடைய விருத்தாந்தம் வருகிறது. உண்ணும்போதும் உரையாடும்போதும் தம்மை மீறி நித்திரை வந்து கவிந்துகொள்கிறது என்றும், நாளொன்றுக்கு 200 தடவை வரையில் இப்படி நேர்வதுண்டு என்றும் அந்த வியாபாரி முறையிட்டார். அதோடு அவர் நிற்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாலும், நல்ல ஆதாயம் கைக்கு வரப்போகிறது என்று மனம் குதூகலித்தாலும் கால்கள் துவண்டு மடங்கிவிடுகின்றன. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டுகள் வந்து சேர்ந்தாலோ, அவற்றை இறக்கி ஜெயிக்க வேண்டிய அந்தக் கணத்திலேயே அங்கம் அசையாமல் ஸ்தம்பித்துப்போகிறது என்றும் சொன்னார்.

இப்படிப்பட்ட ஓர் ஆசாமியைக் காக்கை வலிப்புக்காரர் என்று முடிவுகட்டி அனுப்பிவிடுவது அக்காலத்து வைத்தியர் யாருக்கும் எளிய மார்க்கமாக இருந்திருக்கும். அதிலும் ஜெலினோ, வலிப்பு நோய்க்கென்று தம் பெயராலேயே மாத்திரை தயாரித்து விற்றவர் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இது வலிப்பு அன்று, தனியான ஒரு வியாதி என்று அவர் துணிந்து கூறி அதற்கு நார்கோலெப்சி என்று நாமகரணம் செய்ததை மெச்சாமல் இருக்க முடியவில்லை. 1877-லேயே பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் இதே நோயை வர்ணித்திருந்தார் என்றாலும், ஜெலினோ இட்ட பெயரே நிலைத்தது. உணர்ச்சி மேலிடும்போது உடல் தளர்ந்துபோகும் அந்த இரண்டாவது லட்சணத்தைப் பிற்காலத்தார் கேட்டப்ளெக்சி என்று அழைக்கலாயினர். நோயாளி அதைத் தாமாக எடுத்துச் சொல்வதும், வைத்தியர் அதை விசாரிப்பதும் அபூர்வமாக இருப்பதே, விஞ்ஞானம் இவ்வளவு முன்னேறிய பிறகும் இந்நோயைக் கண்டறிய ஆண்டுக்கணக்கில் தாமதம் நேர்வதற்குத் தலையாய காரணம் என்பது என் எண்ணம்.

ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்படும் இந்நோய் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது. நேற்றுவரையில் துடியாக இருந்த பிள்ளை பாடம் நடக்கையில் தலை சாய்ந்துவிடுகிறான். எழுதிக்கொண்டிருக்கும் வரி பாதியில் கிறுக்கலாக மாறிவிடுகிறது. கால் மணி உறங்கி எழுந்தால் தெளிவு பிறக்கிறது, ஆனால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் அதே மயக்கம். இரவெல்லாம் கைபேசியில் விழித்திருக்கிறான் என்று தாய் சந்தேகிக்கிறாள், சோம்பேறி என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறுகிறார், கும்பகர்ணன் என்று தோழர்கள் பட்டம் சூட்டுகிறார்கள். அந்தப் பட்டம் எவ்வளவு பொருந்தாதது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். ஏனென்றால் இந்நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் இருபத்து நான்கு மணி நேரத்தில் உறங்கும் மொத்த நேரம் மற்றவர்களுடையதைவிட வெகுவாக அதிகமில்லை. இரவு உறக்கமும் அவர்களுக்கு அறுந்து அறுந்துதான் வருகிறது. பகலில் விழிப்பு நிலைப்பதில்லை, இரவில் உறக்கம் நிலைப்பதில்லை. இரண்டுக்கும் இடையே தாழ்ப்பாள் கழன்ற கதவொன்று காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது.

கேட்டப்ளெக்சியின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நண்பர் கூட்டத்தில் ஒருவர் ஹாஸ்யம் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், இவருக்கோ தாடை தொங்குகிறது, நாக்கு குழறுகிறது, கழுத்து முன்னே சாய்கிறது, கையிலிருந்த தம்ளர் நழுவுகிறது, முழங்கால் இரண்டும் மடிகின்றன. சிலர் அப்படியே தரையில் சரிந்துவிடுவார்கள். சிலருக்கு முகத்தசை மட்டும் துடித்துத் தளர்வதோடு நின்றுவிடும். சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிஷங்களுக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, பிரக்ஞை ஒரு கணமும் தப்புவதில்லை என்பதே. சுற்றியிருப்பவர்கள் தண்ணீர் தெளிப்பதும், கையில் இரும்பைத் திணிப்பதும், “ஐயோ, என்ன ஆச்சு!” என்று அலறுவதும் அத்தனையும் காதில் விழும், ஒரு வார்த்தை பதில் சொல்லத்தான் உடல் இடங்கொடுக்காது. 2014-ல் வந்த ‘நான் சிகப்பு மனிதன்’ என்ற திரைப்படத்தில் விஷால் ஏற்ற வேடத்தின் வழியாக இந்நோயின் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதன்முதலாகக் கேட்டிருக்கலாம். ஆனால் உணர்ச்சிவசப்பட்டதும் உறக்கத்தில் ஆழ்ந்துவிடுவதாக அதில் காட்டியது கதைக்குத்தான் பொருந்தும். உண்மையில் கேட்டப்ளெக்சி உறக்கமே அன்று.

கோபமும் திடுக்கிடலும்கூட இதைத் தூண்டுவதுண்டு என்றாலும், சிரிப்புக்கு உள்ள சக்தி வேறு எதற்கும் இல்லை. அதன் பலனாக நோயாளிகள் பலர், தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை உணராமலே, சிரிப்பை அடக்கப் பழகிக்கொள்கிறார்கள். வேடிக்கைப் பேச்சு எழுந்தால் எழுந்து போய்விடுவது, மாடிப்படியில் நின்று யாரோடும் பேசாமலிருப்பது, சுவரோரமாகவே அமர்வது என்று ஒரு தற்காப்பு வளர்ந்துவிடுகிறது; உற்றார் அதைக் கர்வம் என்றோ சிடுமூஞ்சித்தனம் என்றோ அர்த்தம் செய்துகொள்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போதும், “சிரித்தால் விழுந்துவிடுகிறேன்” என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாரோ என்ற லஜ்ஜையினால், தூக்கம் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்.

வேறு இரண்டு லட்சணங்களும் சேர்ந்துகொள்வதுண்டு. உறங்கப்போகும் தறுவாயிலோ விழிக்கும் தறுவாயிலோ விழிப்பு இருந்தும் கைகால் அசையாமல் கிடப்பது ஒன்று. அறைக்குள் யாரோ நிற்பதுபோலவும் மார்மேல் ஏறி அழுத்துவதுபோலவும் பிரமை தோன்றுவது மற்றொன்று. இவற்றை நம் கிராமங்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லி, தலையணைக்கடியில் இரும்பு வைத்துப் படுப்பார்கள். நல்ல ஆரோக்கியமுள்ளவர்களுக்கும் எப்போதாவது இது நேரக்கூடும். அடிக்கடி நேர்ந்து, பகல் மயக்கமும் கூடவே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பிரமையைப் பற்றி மட்டும் கேட்ட வைத்தியர் மனநோய்க்கும், விழுவதைப் பற்றி மட்டும் கேட்டவர் வலிப்புக்கும், களைப்பைப் பற்றி மட்டும் கேட்டவர் மனச்சோர்வுக்கும் மருந்து எழுதிக் கொடுப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. நோய் தொடங்கியதிலிருந்து சரியான பெயர் கிடைக்கும் வரையில் 8 முதல் 15 ஆண்டுகள் செல்வதாகப் பல தேசங்களில் எடுத்த கணக்குகள் சொல்கின்றன.

இதன் மூலகாரணம் துலங்கிய வரலாறு சுவையானது. 1953-ல் சிகாகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் கனவு நித்திரையைக் கண்டறிந்தார்கள். கனவில் ஓடினால் நாம் கட்டிலைவிட்டு ஓடாமலிருப்பதற்குக் காரணம், அந்த நித்திரையின்போது மூளை பெரும்பாலான தசைகளைத் தளர்த்திவைப்பதுதான். சாதாரணமாக உறங்கத் தொடங்கி 90 நிமிஷம் கழித்து வர வேண்டிய அந்த நிலை, நார்கோலெப்சி உள்ளவர்களுக்குக் கண் மூடிய சில நிமிஷங்களிலேயே வந்துவிடுகிறது. அதில் தளர்ச்சி மட்டும் பிரிந்து விழிப்புக்குள் புகுந்தால் கேட்டப்ளெக்சி, கனவு மட்டும் புகுந்தால் பிரமை.

ஏன் புகுகிறது என்பதற்கு விடை நாய்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையில் வில்லியம் டிமெண்ட் 1970-களில் இந்நோய் கண்ட நாய்களைத் தேடிச் சேர்த்தார். டாபர்மன், லாப்ரடார் ஜாதிகளில் அது பரம்பரையாக வருவதும் தெரியவந்தது. தின்பண்டத் துண்டுகளை வரிசையாகத் தரையில் வைத்தால், நோயற்ற நாய் நொடியில் தின்று தீர்த்துவிடும். நோயுள்ள நாயோ ஒவ்வொரு துண்டின் ஆனந்தத்திலும் கால் தளர்ந்து விழுந்து எழுந்து, நிமிஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 1999-ல் எம்மானுவேல் மின்யோவின் குழுவினர், அந்த நாய்களுக்கு, விழிப்பை நிலைநிறுத்தும் ஹைப்போகிரெட்டின் என்ற ரசாயனத்தை ஏற்கும் வாங்கியில் மரபணுப் பழுது இருப்பதைக் கண்டார்கள். அந்த ரசாயனத்தை அதற்கு முந்திய ஆண்டுதான் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார்கள். ஜப்பானிய விஞ்ஞானி யனகிசாவாவின் குழு அதை ஒரெக்சின் என்றது. மனிதரிடத்தில் பழுது வேறு மாதிரி: மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் பகுதியில் அதைச் சுரக்கும் சில பதினாயிரம் நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருப்பதை 2000-ல் கண்டார்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அவற்றை அழிக்கிறது என்பதற்குப் பலமான தடயங்கள் உண்டு. ஆகவே இது சோம்பலும் அன்று, மனோபலக் குறைவும் அன்று.

நிர்ணயம் செய்யும் முறை சிரமமானதன்று. அது கிடைக்கும் இடங்கள்தான் குறைவு. தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தலையிலும் முகத்திலும் கம்பிகள் பொருத்தி உறங்கவைத்து, மூச்சுத் தடை முதலான வேறு காரணங்கள் இல்லையென்று தெளிவார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவையாக நான்கைந்து முறை படுக்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிஷங்களுக்குள் உறக்கம் வந்து, இரண்டு தடவையாவது 15 நிமிஷங்களுக்குள் கனவு நித்திரை தோன்றினால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். மனச்சோர்வு மருந்துகள் இந்தப் பரிசோதனையைப் பொய்யாக்கிவிடக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தினாலோ கேட்டப்ளெக்சி ஓயாமல் வந்து படுத்தும். ஆதலால் அதை மருத்துவர் சொற்படியே செய்ய வேண்டும்.

அழிந்த அணுக்களை மீட்கும் சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை. மோடஃபினில் போன்றவை பகல் மயக்கத்தைக் குறைக்கும். வென்லாஃபாக்சின் போன்றவை கேட்டப்ளெக்சியை அடக்கும். சோடியம் ஆக்சிபேட் இரவு நித்திரையைக் கெட்டிப்படுத்திப் பகலையும் சீராக்கும். இவற்றோடு, குறித்த நேரத்தில் 15, 20 நிமிஷம் உறங்குவதற்கு அலுவலகத்திலும் பள்ளியிலும் இடம் கொடுத்தால் பாதி உபாதை தீரும். தனியே நீந்துவதும், நோய் கட்டுக்குள் வருமுன் வாகனம் ஓட்டுவதும் கூடாது.

வகுப்பில் உறங்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதற்குமுன், சிரிக்கும்போது முழங்கால் தளர்கிறதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஆம் என்று பதில் வந்தால், இரண்டு வாரம் உறங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் குறித்து, கூடுமானால் உடல் தளரும் தருணத்தைக் கைபேசியில் படமும் பிடித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேசுமுன் சிரிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.