பணம் கட்டுமுன் தௌலியாவைக் கேளுங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் சித்தியவான், ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் வட்டாரத்து வீடுகளில் கைப்பேசி ஓயாது. “பிள்ளைக்கு இடம் இருக்கு, முன்பணம் கட்டினா போதும், வேலை உறுதி” என்று ஏதோ ஒரு தனியார் தொழிற்பயிற்சி மையத்தின் குரல். முடிவுத் தாளில் தேறாத பாடங்களுக்கான ‘ஜி’ இரண்டு மூன்றைப் பார்த்த பெற்றோர் ஏற்கெனவே கலங்கியிருப்பார்கள். அந்தக் கலக்கத்தில்தான் பணம் கை மாறுகிறது.

தேறாத பிள்ளைகளை ஒதுக்கும் இடமல்ல தொழிற்பயிற்சி. லுமுட் கடற்படைத் தளம், கப்பல் பட்டறைகள், மஞ்சோங் மின்நிலையம், தெலுக் ரூபியா இரும்புத்தாது முனையம் என்று வெல்டரும் ஃபிட்டரும் மின்பணியாளரும் தேவைப்படும் இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே போய் நிற்கும்போது கையில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குவது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. அதற்கான சட்டம் 2006இல் வந்தது. 1 முதல் 3 வரை சான்றிதழ் நிலைகள். 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘தௌலியா’ என்ற அங்கீகாரம் கட்டடத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. மின்துறையில் 2ஆம் நிலைக்கு அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு 3ஆம் நிலைக்கு அது இல்லாமல் இருக்கலாம். வாசலில் தொங்கும் ‘அரசு அங்கீகாரம்’ பலகை போதாது. தௌலியா சான்றிதழையே காட்டச் சொல்லுங்கள், தொழில், நிலை, காலாவதி நாள் மூன்றையும் படியுங்கள், ஜே.பி.கே.யிடமும் சரிபாருங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.

மின்கம்பி வேலைக்குப் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.கே.எம். இருந்தாலும், வயர்மேனாகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். இரண்டும் ஒன்றே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பயிற்சிக் கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.தி.பி.கே. தரும் பணத்தை உதவித்தொகை என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். அது கடன். பாதியில் நின்றுவிட்டால் கடனும் நின்றுவிடாது. பிள்ளைக்கு 18 வயது நிறையாவிட்டால் அவன் பயிற்சி மையத்தோடு போடும் ஒப்பந்தம் பொதுவாகச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மலாய் படிக்கத் தடுமாறினால் தெரிந்த ஆசிரியரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். எஸ்.பி.எம். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்; நகல் போதும்.

ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. அது வேண்டாம். ரசீது, வாட்சப் செய்தி, விளம்பரத் தாள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பயிற்சி மையத்தைப் பற்றி ஜே.பி.கே.யிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை, பதிவுக்கு 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

தனியார் மையத்துக்கு முன் அரசு வழிகளைப் பாருங்கள். படிவம் 3 முடித்தவருக்கு ஸ்ரீ மஞ்சோங் தொழிற்கல்லூரி, எஸ்.பி.எம். முடித்தவருக்கு ஈப்போ தொழிற்பயிற்சிக் கழகம் (ஐ.எல்.பி.) இருக்கின்றன. ஐ.எல்.பி. இடத்துக்கு யூபி திவேட் என்ற அகப்பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டில் வருமானம் போதாது என்றால் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டமான எஸ்.எல்.டி.என். பற்றிக் கேளுங்கள், பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும், மீதிதான் வகுப்பு.

பிள்ளைக்காக இதையெல்லாம் விசாரிக்கும் அப்பா, ஒருவேளை 20 ஆண்டு பட்டறையில் வெல்டிங் செய்தும் சான்றிதழே இல்லாதவராக இருப்பார். அவருக்கும் வழி உண்டு. பி.பி.தி. என்ற முறையில், முன் அனுபவத்தை ஆதாரங்களோடு கோப்பாகக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் வேலையைச் சரிபார்த்து அதே எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் பரிந்துரைக்கலாம். பழைய சம்பளச் சீட்டு, முதலாளி கொடுத்த கடிதம், வேலை செய்தபோது எடுத்த படம் எல்லாம் அதற்கு உதவும். அலமாரியில் கிடந்தால் இன்றே எடுத்து வையுங்கள்.