வெறுங்கையுடன் திரும்பும் மாலை

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் தொழிற்சாலைக்குச் செல்லும் சகோதரர் பணி முடிந்து பேருந்து பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. வங்கி அடைத்தாயிற்று. அரசு அலுவலக நேரமும் மாலை 5.45 மணியுடன் முடிந்தது. நியாய விலைக் கடையிலும் பூட்டு. மஃரிப் பாங்கு ஒலிக்கையில் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். "போன காரியம் என்னவாயிற்று?" என்று வாசலிலேயே கேள்வி! அடக்கிய எரிச்சல் மனைவி மக்கள் மீது பாய்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். சனிக்கிழமை போகலாமென்றால், 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. விடுப்பு எடுத்தால் பலருக்கு அன்றைய கூலி போயிற்று. குற்றம் அவருடையதுமன்று, வீட்டாருடையதுமன்று.

ஆகவே, சுமையைப் பங்கிடுங்கள். குடும்ப அட்டையில் பெயருள்ள எவரும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வேண்டிய ஆவணங்களை முன்னிரவே எடுத்து வைத்தால், பகலில் வீட்டிலிருப்பவர் முடித்துவிடுவார்.

சகோதரரே, பூட்டிய கதவின் மீதுள்ள கோபத்தைத் திறந்த கதவின் மீது காட்டாதீர்கள். சகோதரியே, முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். கேள்வி பிறகு இருக்கட்டும்.