இரவல் நிரல்களும் மென்பொருள் பாதுகாப்பும்

இன்று எழுதப்படும் மென்பொருள் பெரும்பாலும் முழுமையாக ஒரே நிறுவனத்தின் கைவேலையன்று. வங்கிக் கணக்கிற்கோ ரயில் முன்பதிவிற்கோ நிரல் எழுதுவோர், தேதியைக் கணித்தல், கோப்பைச் சுருக்குதல் போன்ற பொதுவான வேலைகளுக்கு, பிறர் எழுதி இலவசமாக வழங்கியுள்ள ‘பேக்கேஜ்’ எனப்படும் நிரல் தொகுப்புகளையே எடுத்தாளுகின்றனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு என்.பி.எம். போன்ற பொதுக் கிடங்குகள் இதற்கென உள்ளன. ஒரு தொகுப்பைக் கேட்டால், அது சார்ந்திருக்கும் வேறு பல தொகுப்புகளும் உடன் வந்து சேரும். அவற்றுள் பலவற்றை நிரலர் திறந்து பார்ப்பதே இல்லை.

கிடங்கில் எவரும் தொகுப்பு வைக்கலாம் என்பதால் போலிகளும் நுழைகின்றன. 2017-இல் ‘கிராஸ்-என்வ்’ என்னும் புகழ்பெற்ற தொகுப்பின் பெயரிலிருந்து இடைக்கோட்டை மட்டும் நீக்கிய போலி ஒன்று என்.பி.எம். கிடங்கில் காணப்பட்டது. பெயரைப் பிழையாகத் தட்டியவரின் கணினியில் நிறுவப்பட்டதும், அதன் சூழல் மாறிகளை அது வெளியே அனுப்பியது. கடவுச்சொற்களும் அம்மாறிகளில் இருப்பது வழக்கம்.

இவ்வகைப் போலியைக் கவனத்தால் தவிர்க்கலாம். உண்மையான தொகுப்பே கைமாறிவிட்டால் கவனம் மட்டும் உதவாது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்.இசட்.’ கருவியை ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பி உதவலானார். மறு ஆண்டில், பணி தாமதமாகிறது, பொறுப்பை மற்றொருவருக்குத் தர வேண்டும் என்று வேறு பெயர்களில் மின்னஞ்சல்கள் வந்து நெருக்கின. இது சம்பளமில்லாத பணி என்று பராமரிப்பாளர் விளக்கியும் பயனில்லை. நாளடைவில் உதவிக்கு வந்தவர் இணைப் பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையைக் குறிவைத்த கள்ள வழி ஒன்று சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கும் வரிகள் வெளியீட்டுக் கோப்பில் மட்டுமே இருந்தமையால், பொதுவில் உள்ள மூல நிரலைப் படித்தவர்க்கும் அது எளிதில் புலப்பட்டிராது.

மார்ச் 29 அன்று இதனை வெளிப்படுத்திய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர். பாதுகாப்பு ஆய்வு அவரது தொழிலன்று. எஸ்.எஸ்.எச். நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவது ஏன் என்று துருவிச் சென்று அவர் இதைக் கண்டார். அதற்குள் முக்கியமாக லினக்ஸின் சோதனை நிலைப் பதிப்புகளையே அது எட்டியிருந்தது.

நமது நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் மென்பொருள் உட்கூறுப் பட்டியல் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு மென்பொருளில் அடங்கியுள்ளது என்பதைக் கூறுவது இப்பட்டியல். தீய பதிப்பொன்று அறிவிக்கப்பட்டால், தனக்குப் பாதிப்பு உண்டா என்பதை ஓர் அலுவலகம் இதனைக் கொண்டு விரைவில் அறியலாம். ஆனால் பட்டியல் தீங்கைக் கண்டுபிடிக்காது; எக்ஸ்.இசட். அதில் நேர்மையான பெயருடனேயே இடம்பெற்றிருக்கும். ஆகவே பதிப்பு எண்ணையும் அதன் ஹேஷ் குறியீட்டையும் பூட்டி வைத்தல், புதிய வெளியீட்டைச் சில நாள் பொறுத்தே ஏற்றல், மென்பொருள் கட்டப்படும் கணினியில் கடவுச்சொற்களை வைக்காதிருத்தல் ஆகியவற்றையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கோருவது பொருத்தமாகும். பெரிதும் நம்பப்படும் தொகுப்புகளின் பராமரிப்புக்கு அதே ஒப்பந்தத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்குவதும் வீண் செலவாகாது.