பனிக்காலப் பறவை வருகையும் அதன் காரணங்களும்

குளிருக்கு அஞ்சிப் பறவைகள் தெற்கு நோக்கிச் செல்லும் என்று நாம் இளமையிலேயே படித்திருக்கிறோம். ஆயின், அத்தெற்கு என்பது எல்லாப் பறவைகளுக்கும் வெப்பநாடு அன்று. வடதுருவத்தை அடுத்து வாழும் பறவைக்குப் பனி மூடிய வட அமெரிக்க ஏரிக்கரையும் தெற்கேயாகும். அத்தகைய கரையொன்றில் பனிக்காலத்தில் காணப்பெறும் பறவைகள் சிலவற்றையும், அவற்றின் வருகைக்குரிய காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஏரியும் அதன் நிலையான பறவைகளும்

வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தனுள் மிகப் பெரியது சுப்பீரியர் ஏரி. அதன் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். பேராழம் 406 மீட்டர். அதன் மேற்கு முனையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த துலூத் நகரம் உள்ளது. அங்கே ஜனவரித் திங்களில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியஸ் வரை தாழ்வது வியப்பன்று. சிற்றேரிகள் யாவும் உறைந்துவிட்ட பின்னரும், கோடையில் ஏற்ற வெப்பத்தை மெல்ல மெல்ல வெளிவிடும் இவ்வேரி முழுதும் உறைவது அரிது. உறையாத நீர்ப்பரப்பில் பொற்கண் வாத்துகளும் நீள்வால் வாத்துகளும் மூழ்கி இரை தேடுகின்றன.

கரையோரக் காடுகளில் வாழும் சிக்கடீ என்னும் சிறு குருவி இன்னும் வியப்பிற்குரியது. அதன் எடை பத்துப் பன்னிரண்டு கிராமே. இலையுதிர் காலத்தில் மரப்பட்டை இடுக்குகளில் அது விதைகளை ஒளித்து வைக்கும். பின்னர் அவ்விடங்களை நினைவிற்கொண்டு எடுத்துண்ணும். இரவில் தன் உடல் வெப்பத்தைப் பல பாகை தாழ்த்தி ஆற்றலைச் சேமிக்கும்.

சில ஆண்டுகளில் மட்டும் வரும் விருந்தினர்

மேற்கூறியவை ஆண்டுதோறும் காணப்படுவன. இவையன்றி, சில ஆண்டுகளில் மட்டும் பெருங்கூட்டமாக வருவனவும் உள்ளன. 2004-05 பனிக்காலத்தில் பெருஞ்சாம்பல் ஆந்தைகள் மின்னசோட்டாவில் 5,000-க்கும் மேலாகக் கணக்கிடப்பட்டன. வடக்கேயுள்ள காடுகளில் அவற்றின் இரையாகிய சிற்றெலிகள் அருகிப் போனமையே அதற்குக் காரணம். பசியே அவற்றைத் துரத்தியது எனலாம்.

2013-14 பனிக்காலத்தில் பேரேரிப் பகுதிக்கும் கீழைக் கடற்கரைக்கும் வெண்ணிறப் பனி ஆந்தைகள் திரளாக வந்தன. பட்டினியால் வந்தனவோ எனப் பலரும் இரங்கினர். ஆராய்ந்தோர் கண்டது வேறு. 2013 கோடையில் கனடாவின் வட கியூபெக் பகுதியில் லெமிங் என்னும் கொறிவிலங்கு மிகப் பெருகியிருந்தது. அதனால் ஆந்தைக் குஞ்சுகள் பலவாகப் பிழைத்தன; வளர்ந்த இளம் பறவைகளே தெற்கு நோக்கிப் பரவின. பிடித்து ஆராயப்பட்டவற்றுள் பல நல்ல உடல் நலத்துடன் இருந்தன. அலைபரப்பி பொருத்தப்பட்ட ஆந்தைகளுள் சில, உறைந்த ஏரியின் நடுவே பனிப்பிளவுகளில் ஒதுங்கிய நீர்ப்பறவைகளை வேட்டையாடி வாழ்ந்தமையும் தெரியவந்தது.

அதே பனிக்காலத்தில், 2014 மார்ச்சில், பேரேரிகளின் பரப்பில் 92 விழுக்காட்டிற்கு மேல் உறைந்தது. மூழ்கி இரை தேட இடமின்றி வாத்துகள் பல மடிந்தன. ஒரே பருவம் ஒரு பறவைக்கு வளமாகவும் மற்றொன்றிற்குப் பஞ்சமாகவும் அமைந்ததை இங்குக் காண்கிறோம்.

காரணம் அறியாமையின் விளைவு

இரு ஆந்தைகளின் வருகையும் பார்வைக்கு ஒன்றே, காரணங்களோ நேர்மாறானவை. இதனை அறியாத இரக்கம் தீங்காகவும் முடியும். ஆந்தையைக் கண்டவர் இரக்கத்தாலோ படமெடுக்கும் ஆசையாலோ சாலையோரத்தில் எலிகளை இடுவதுண்டு. அவ்விடம் வரப் பழகிய பறவை வாகனத்தில் அடிபட நேரும். 2004-05-இல் வந்த பெருஞ்சாம்பல் ஆந்தைகளுள் நூற்றுக்கணக்கானவை சாலைகளிலேயே இறந்தன என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திரளாகக் கண்டமையால் ஓரினம் பெருகிவிட்டது என்று முடிவு செய்தலும் பிழையாகும். அத்துணை பனி ஆந்தைகள் வந்து சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 2017-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது.

எண்ணுதலின் பயன்

தொடர்ந்த கணக்கே இத்தகைய பிழைகளை நீக்கும். முன்னாளில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று அணி பிரிந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டி வழக்கில் இருந்தது. 1900-ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், சுடுவதை விடுத்து எண்ணுவோம் என அழைத்தார். அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். இன்று பல்லாயிரவர் ஆண்டுதோறும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையிலான நாட்களில் அப்பணியைச் செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பொதுமக்களே. வந்ததையும் வராததையும் ஒருசேரக் குறித்து வைத்த அவர்தம் உழைப்பே எது வழக்கம், எது புதுமை என்று பிரித்தறிய உதவுகின்றது.

அரிய பறவையைக் காண்பது மகிழ்ச்சி. அதன் வருகைக்கு உடனே பொருள் கூற முற்படாது, நாளும் இடமும் எண்ணிக்கையும் பிழையறக் குறித்து வைத்தல் அறிவு. அவ்வாறு குறிப்போர் பெருகுவாராயின், இரங்க வேண்டிய இடத்தில் இரங்கவும் விலகி நிற்க வேண்டிய இடத்தில் விலகி நிற்கவும் நம்மால் இயலும்.