ப்ரொபேஷன்: தீர்ப்புக்கும் ஜெயிலுக்கும் நடுவுல ஒரு வழி

ஐடி வேலைல இருக்குற யார்கிட்டயாவது "ப்ரொபேஷன்"னு சொன்னா, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாசம்தான் ஞாபகத்துக்கு வரும். வேலை கிடைச்சிருச்சு, ஆனா இன்னும் உறுதி ஆகல. மேனேஜர் பார்த்துட்டே இருப்பாரு. கோர்ட்ல சொல்ற ப்ரொபேஷனும் கிட்டத்தட்ட அதே லாஜிக்தான், என்ன, அதைத் தலைகீழா போடணும். குற்றம் உறுதி ஆயிடுச்சு, ஆனா தண்டனை இன்னும் கொடுக்கல. "இவ்வளவு நாள் ஒழுங்கா இரு, அப்புறம் பார்க்கலாம்"னு கோர்ட் வீட்டுக்கு அனுப்பி வைக்குது.

தமிழ்ல இதுக்கு "நன்னடத்தை"ன்னு பேர். குழப்பமும் அங்கதான் ஆரம்பிக்குது. பேப்பர்ல "நன்னடத்தை காரணமாக முன்கூட்டியே விடுதலை"ன்னு வருதே, அது ஏற்கெனவே வருஷக்கணக்கா ஜெயில்ல இருந்தவங்களுக்கு. ரவுடிகள் கிட்ட எழுதி வாங்குற நன்னடத்தைப் பத்திரம் ஒரு முன்னெச்சரிக்கை. அதுக்கு குற்றம் நிரூபணம் ஆகணும்னே இல்ல. தேர்தல் வந்தா நடத்தை விதிகள்னு ஒண்ணு வரும், அது கட்சிகளுக்கு. அதை விட்ருவோம். ஜாமீன்ங்கிறது பெரும்பாலும் கேஸ் ஓடிட்டு இருக்கும்போது வெளியில இருக்குறது. பரோல்ங்கிறது ஜெயில்ல தண்டனை அனுபவிக்கிறவர் கொஞ்ச நாள் வெளிய வந்துட்டுத் திரும்பிப் போறது. இன்னைக்கு நாம பேசப்போறது இது எதுவும் இல்ல. தீர்ப்பு வந்த நாள்ல, ஜெயில் கதவுக்கு முன்னாடியே திரும்புற வழி.

இதை ஆரம்பிச்சு வச்சவர் வக்கீலும் இல்ல, ஜட்ஜும் இல்ல. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பூட்ஸ் செய்யுற ஜான் அகஸ்டஸ்னு ஒருத்தர். 1841-ல குடிச்சிட்டுப் பிடிபட்ட ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பப்போற நேரத்துல, "இவரை நான் பொறுப்பேத்துக்கிறேன்"னு சொல்லி கூட்டிட்டுப் போயிட்டாரு. மூணு வாரம் கழிச்சு கோர்ட்ல கொண்டுவந்து நிறுத்தினா, ஆளே மாறியிருந்தாரு. அபராதம் ஒரு சென்ட், கூட கோர்ட் செலவு, அவ்வளவுதான். 1859-ல சாகுறதுக்குள்ள இப்படி 1,900-க்கும் மேல ஆளுங்களுக்கு அகஸ்டஸ் பொறுப்பேத்துக்கிட்டாரு. சட்டமெல்லாம் அதுக்கு அப்புறம் வந்ததுதான். நம்ம சென்னை மாகாணத்துல 1936-லேயே இதுக்குத் தனிச் சட்டம் போட்டுட்டாங்க. நாடு முழுக்க இப்போ இருக்குறது 1958-ல வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்.

ஒரு கற்பனைக் கேஸ் எடுத்துக்கலாம். தாம்பரத்துல ஒரு பையன், 20 வயசு. பஸ் ஸ்டாப்ல ஒருத்தரோட 15,000 ரூபா போனை எடுத்துட்டான். மாட்டிக்கிட்டான், திருட்டு நிரூபணம் ஆயிடுச்சு. இதுக்கு முன்னாடி எந்த கேஸும் இல்ல. திருட்டுக்கு அதிகபட்சம் மூணு வருஷம் ஜெயில். ஜட்ஜ் முன்னாடி என்னென்ன வழி இருக்கு?

முதல் வழி, மூணாவது பிரிவு. கண்டிச்சு விட்டுடலாம். திருட்டு, மோசடி மாதிரி அந்தப் பிரிவுலயே பேர் சொல்லியிருக்கிற சில குற்றங்களுக்கும், ரெண்டு வருஷத்துக்கு மேல தண்டனை இல்லாத மத்த குற்றங்களுக்கும் இது பொருந்தும். முன்னாடி தண்டனை வாங்கியிருக்கக் கூடாது.

ரெண்டாவது, நாலாவது பிரிவு. இதுதான் நாம ப்ரொபேஷன்னு சொல்றது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றமா இல்லாம இருந்தா போதும், வயசு வரம்பு கிடையாது. ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கணும்: அதிகபட்சம் மூணு வருஷம் வரைக்கும் ஒழுங்கா இருப்பேன், கூப்பிட்டா தண்டனையை வாங்கிக்க வருவேன்னு. ஒரு நன்னடத்தை அலுவலரோட கண்காணிப்புலயும் வைக்கலாம். வச்சா குறைஞ்சது ஒரு வருஷம். எங்க தங்கணும், குடிக்கக் கூடாதுன்னு நிபந்தனைகள் வரும். போன் பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு கொடுன்னும் உத்தரவு போடலாம். நம்ம பாஷைல சொன்னா, பக் இருக்குன்னு உறுதி ஆயிடுச்சு, ஆனா டிக்கெட்டை மூடாம ஓபன்லயே வச்சு மானிட்டர் பண்றாங்க.

மூணாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. ஆறாவது பிரிவு. நம்ம பையனுக்கு 21 ஆகல. அப்படின்னா சட்டத்தோட டீஃபால்ட் செட்டிங்கே மாறிடுது. "ஏன் இவனை விடணும்?"ங்கிறது கேள்வி இல்ல. "ஏன் இவனை விட முடியாது?"ன்னு ஜட்ஜ் காரணம் எழுதணும். நன்னடத்தை அலுவலர் கிட்ட அறிக்கை கேட்காம ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்துக்கு மட்டும் இது கிடையாது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த 21 வயசு எந்த நாள்ல? குற்றம் செஞ்ச நாள்ல இல்ல. விசாரணை கோர்ட் குற்றவாளின்னு முடிவு பண்ற நாள்லன்னு உச்ச நீதிமன்றம் ராம்ஜி மிஸ்ஸர் வழக்குல சொல்லிடுச்சு. சிறார் சட்டத்துல நேர்மாறு, அங்க சம்பவம் நடந்த நாள்தான் கணக்கு. நம்ம ஊர் கோர்ட்ல ஒரு திருட்டு கேஸ் எவ்வளவு நாள் இழுக்கும்னு உங்களுக்கே தெரியும். 20 வயசுல பண்ண தப்புக்கு 24 வயசுல தீர்ப்பு வந்தா ஆறாவது பிரிவு கைவிட்டுப் போயிடும். வாய்தா வாங்கினது போலீஸா, வக்கீலா, லீவுல போன சாட்சியா, அதெல்லாம் கணக்குல வராது. இது நியாயமா எனக்குத் தோணல. நாலாவது பிரிவு அப்பவும் இருக்கும், ஆனா அங்க ஜட்ஜோட மனசுதான் டீஃபால்ட்.

இன்னொரு ஓட்டை, வெளிய பெருசா பேசப்படாதது. நாலாவது பிரிவுல விடணும்னா அந்த ஆளுக்கோ, ஜாமீன்தாரர் இருந்தா அவருக்கோ, கோர்ட்டோட எல்லைக்குள்ளயோ, பத்திர காலத்துல அந்த ஆள் தங்கப்போற இடத்துலயோ நிலையான வீடோ நிரந்தரத் தொழிலோ இருக்கணும். தாம்பரத்துல அம்மா அப்பாவோட இருக்குற பையனுக்குப் பிரச்சினை இல்ல. அதே போனை பிளாட்ஃபார்ம்ல படுக்குற ஒருத்தரோ, வெளி மாநிலத்துல இருந்து வந்து வேலை முடிஞ்ச சைட்டுல நிக்கிற ஒருத்தரோ எடுத்திருந்தா? குற்றம் ஒண்ணுதான்.

இப்போ அந்த அலுவலர். வீட்டுக்கு வருவாரு, வீட்ல இருக்குறவங்க, அக்கம்பக்கம், வேலை பார்த்த இடம்னு விசாரிப்பாரு. குடும்பம் எப்படி, பழக்கவழக்கம் எப்படின்னு அறிக்கை போகும். அந்த அறிக்கை ரகசியம்; ஆனா அதோட சாரத்தை உங்களுக்குச் சொல்லி, மறுத்துப் பேச கோர்ட் வாய்ப்பு கொடுக்கலாம். அவரோட கடமைகள்ல ஒண்ணு எனக்கே ஆச்சரியம்: தேவைப்பட்டா வேலை தேடித்தர முயற்சி பண்ணணும்னு பதினாலாவது பிரிவு சொல்லுது. ஒரு போலீஸ் வேலையும் ஒரு அண்ணன் வேலையும் சேர்ந்த மாதிரி.

நிபந்தனையை மீறினா? கோர்ட் திரும்பக் கூப்பிட்டு பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். முதல் தடவை மீறினா, பத்திரத்தை அப்படியே வச்சுக்கிட்டு 50 ரூபா வரைக்கும் அபராதம் போட்டு விடவும் வழி இருக்கு. 1958-ல 50 ரூபா பெரிய காசு.

சரி, எதுக்கு இவ்வளவு பேசுறேன்னா, பன்னிரண்டாவது பிரிவுக்காக. சின்ன கேஸ்ல மாட்டினா அக்கறையா ஒரு அட்வைஸ் வரும்: "ஒத்துக்கோ தம்பி, ஃபைன் கட்டிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." ஃபைன் கட்டினாலும் அது தண்டனைதான். அதனால ஏதாவது தகுதியிழப்பு வந்தா அது கூடவே வரும். ஆனா மூணாவது அல்லது நாலாவது பிரிவுல விட்டிருந்தா, அந்தத் தீர்ப்பால வரக்கூடிய தகுதியிழப்பு உங்களைத் தொடாதுன்னு பன்னிரண்டாவது பிரிவு சொல்லுது. ரெண்டுலயும் சாயங்காலம் வீட்டுக்குத்தான் போறீங்க, பத்து வருஷம் கழிச்சுதான் வித்தியாசம் தெரியும்.

இதை "கேஸே அழிஞ்சிடும்"னு எடுத்துக்காதீங்க. குற்றவாளிங்கிற தீர்ப்பு அப்படியே இருக்கும்னு உச்ச நீதிமன்றம் 1990-ல பக்ஷி ராம் வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு. ஏற்கெனவே அரசு வேலைல இருக்குறவர் மேல அவரோட நடத்தைக்காகத் துறை நடவடிக்கை வரலாம். வேலை விண்ணப்பத்துல தண்டனை பத்திக் கேட்டா உண்மையைத்தான் எழுதணும். மறைச்சா அதுவே தனிப் பிரச்சினை.

எல்லா கேஸுக்கும் இது கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்துல 18 வயசு தாண்டினவங்களுக்கு ப்ரொபேஷன் இல்ல. தானே பயன்படுத்தின குற்றம் மாதிரி ரொம்பக் கொஞ்சத்துக்குத்தான் விதிவிலக்கு. கஞ்சா பொட்டலம் கைமாத்தி விடுறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். கண்மூடித்தனமா வண்டி ஓட்டி உயிர் போன கேஸ்லயும் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாதுன்னு 2000-ல தல்பீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் கறாரா சொல்லிடுச்சு.

எப்போ கேட்கணும்? குற்றவாளின்னு சொன்னதும் ஜட்ஜ் "தண்டனை பத்தி என்ன சொல்றீங்க?"ன்னு கேட்பாரு. நிறைய பேர் அழுவாங்க, இல்லன்னா "குறைச்சுக் கொடுங்கய்யா"ம்பாங்க. உங்க வக்கீல் அங்க "நன்னடத்தைச் சட்டம் நாலாவது பிரிவு, அலுவலர் அறிக்கை கேளுங்க"ன்னு சொல்லணும். வாய்ப்பு இருந்தும் கோர்ட் கொடுக்கலன்னா, தீர்ப்புல சிறப்புக் காரணம் எழுதணும். 2024 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்குற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் அது 402-வது பிரிவா இருக்கு. அங்க விட்டுட்டா மேல்முறையீட்டுலயும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லன்னா, சட்ட உதவிக்கு 15100. அந்த நம்பரை மட்டும் சேவ் பண்ணிக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பரோல்.