கோணல் மரமே வேண்டும்

கொல்லிமலையில் மிளகுக் கொடியைத் தாங்கி நிற்பவற்றில் பல சில்வர் ஓக். பெயரில்தான் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித் தலைசுற்றி இறங்கினால், எதிரே தூண் மாதிரி நேராக நிற்கும். 1794-இல் அமெரிக்கர்கள் தேடியது இதற்கு நேர்மாறான மரத்தை.

ஆறு போர்க்கப்பல்கள் கட்ட அந்த ஆண்டு அங்கே சட்டம் வந்தது. வடிவமைத்த ஜோஷுவா ஹம்ப்ரீஸ், கப்பலின் விலாச் சட்டங்களுக்கு லைவ் ஓக்தான் வேண்டும் என்றார். ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகளில் வளரும் இதன் கிளைகள் பக்கவாட்டில் வளைந்து நீளும். நேர்க்கட்டையைச் செதுக்கி வளைவாக்கினால் மரத்தின் நார் குறுக்கே அறுபடும், பிளவுபடுவதும் அங்கேதான். வளைந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடும். ஏர்க்கலப்பைக்குக் கோணல் கருவேலங்கட்டை தேடிய நம் ஊர் ஆசாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கத் தச்சர்கள் விலாவின் அச்சுப் பலகையைக் காட்டுக்கே கொண்டுபோய், கிளையில் வைத்துப் பார்த்து வெட்டினார்கள்.

வெட்ட ஆள்? வடக்கேயிருந்து போனவர்களைக் காய்ச்சல் சாய்த்தது. கறுப்பின அடிமைகளும் வேலை செய்தார்கள். அவர்களுக்கான கூலி எஜமானர் பைக்குப் போனது. அந்த ஆறில் ஒன்றாக 1797-இல் பாஸ்டனில் கடலில் இறங்கிய 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலின் வரலாற்றில் இந்தக் கணக்கைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

இங்கே ஆங்கிலேயர் கண்ணில் பட்டது தேக்கு. மலபார் தேக்கு பம்பாய்க் கப்பல்துறைக்குப் போனது; பிறகு ஆனைமலைத் தேக்கும். மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆற்றில் விட வேண்டுமானால், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வெட்டி, நின்றபடியே காயவிட வேண்டும். பொறுமையான வேலை, பலனும் உண்டு. ஓக்கின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கின் எண்ணெய் காக்கும். பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய 'டிரின்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

இரண்டு மரங்களின் கதையும் ஒரு முறை உரசிக்கொண்டது. 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரம் 'கான்ஸ்டிடியூஷன்' தாக்கி அழித்த ஆங்கிலேயப் போர்க்கப்பல் 'ஜாவா', பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த 'கார்ன்வாலிஸ்' என்ற தேக்குக் கப்பலுக்குச் செப்புத் தகடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. தகடு போய்ச் சேரவில்லை. ஆனாலும் 1813-இல் 'கார்ன்வாலிஸ்' கடலில் இறங்கியது.